எஸ்டீமின் அடித்தகடு

12 டிசம்பர் 2009, சனி

மூன்று வாரக் கம்ப்யூட்டர் சிமுலேஷன் முடிந்தது. ஆபீசில் வங்கிகளுக்கு எழுதும் புரோகிராம்கூட இவ்வளவு அழகாக ஓடியதில்லை. எங்கள் பழைய எஸ்டீம் காரின் அடிப்பாகத்தை அலுமினியத் தகட்டால் முழுதாக மூடிவிட்டால், காற்று எதிலும் முட்டாமல் பின்னால் வழுக்கிப் போகும். பின்பக்கத் தகட்டைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தால் வண்டி ரோட்டை விட்டு எழும்பாது.

பத்மப்ரியாவிடம் விளக்கினேன். என் மனைவி. அடுத்தவன் எழுதிய சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிப்பது அவள் தொழில். வீட்டிலும் ஓவர்டைம் உண்டு. "ரேடியேட்டர் வழியா வர்ற சூட்டுக் காத்து இப்போ கீழதானுங்க இறங்குது. அதையும் மூடிட்டா எங்க போகும்?"

என் சிமுலேஷனில் இன்ஜினே கிடையாது, வெறும் கூடுதான் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் ரேஸுக்கு ஒரு வண்டி, ஒரு டிரைவர். போன வருடம் வரை நான்தான் ஓட்டினேன். இந்தத் தடவை ஜனவரி 30 அன்று சென்னை டிராக்கில் யார் வேகமோ அவர் ஓட்டுவது என்று அவள் போட்ட ஒப்பந்தம். பெருந்தன்மையாகச் சம்மதித்தேன். ஜெயிக்கப் போகிறவனுக்குப் பெருந்தன்மை சுலபம்.

19 டிசம்பர்

ஜீடிமெட்லா, ஊர் விளிம்பில் தொழிற்பேட்டை. அப்துல் காதர் பாய் மருந்துக் கம்பெனிகளுக்கு ஸ்டீல் டேங்க் செய்கிறவர். தாத்தா காலத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு இந்த ஊருக்கு வந்த தமிழ்க் குடும்பம்; பேச்சில் உள்ளூர் உருது கலந்திருக்கும். என் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கைக்கு சார், எதுக்கு எல்லாத்தையும் மூடுறீங்க? டேங்குக்கே மூச்சு விட ஒரு குழாய் வைப்போம்."

"டேங்க் வேற, கார் வேற, பாய்."

"ஹவ், ஆமா, வேறதான். டேங்க் நடுரோட்டுல நின்னு போகாது."

ஊரில் எல்லோருக்கும் ஏரோடைனமிக்ஸ் தெரிந்திருக்கிறது. நான்தான் பாவம், படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

30 டிசம்பர்

ஊர் முழுக்க பந்த். ஆபீஸ் இல்லை. நாள் முழுக்கக் காருக்கு அடியில். சொர்க்கம்.

10 ஜனவரி 2010, ஞாயிறு

காலை ஆறு மணி, இன்னும் திறக்காத ரிங் ரோடு. குளிரில் பல் தந்தியடித்தது. மணிக்கு 140; வண்டி அலையவில்லை. சூடு காட்டும் முள் நடுவை விட்டு நகரவில்லை.

கிளம்புமுன் பத்மப்ரியா கோலப்பொடியை எண்ணெயில் குழைத்துத் தகட்டின் இரண்டு பக்கமும் புள்ளி வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தோம். ரோட்டைப் பார்க்கும் பக்கத்தில் புள்ளியெல்லாம் பின்னோக்கி நீண்ட கோடுகளாகியிருந்தன. என் மேதைமைக்குச் சான்று. இன்ஜினைப் பார்க்கும் பக்கத்தில் வைத்த புள்ளி வைத்தபடியே இருந்தது.

"இங்க காத்து அசையவே இல்லீங்க. வெயில்ல ஓட்டினா இன்ஜின் வெந்துரும்."

சொன்னதோடு விட்டாளா? ஆபீஸ் வழக்கப்படி பிழை அறிக்கையாக எழுதி மெயில் அனுப்பினாள். தீவிரம்: அதிகம். நான் பதில் போட்டேன்: "என் சோதனையில் இந்தப் பிழை வரவில்லை. மூடப்பட்டது." பத்து வருடமாக டெஸ்டர்களுக்கு எழுதும் வரி, கை தானாக அடித்துவிட்டது.

11 ஜனவரி

இன்று தோசை வந்தது. சட்னி வரவில்லை.

30 ஜனவரி, சென்னை

பாயும் கூட வந்திருந்தார். மதியம் ஒரு மணி வெயில். நான் ஓட்டிய மூன்றாவது லேப்பில் முள் சிவப்புக்குப் போய்விட்டது. பானெட்டிலிருந்து ஆவி. கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன்? படிச்சுப் படிச்சு சொன்னாளே. பாயும் சொன்னாரே. 

இன்ஜின் ஆறியது, நல்லவேளை, தப்பித்தது. பாய் கட்டரை எடுத்து, "வெட்டவா?" என்றார். என்னை அல்ல, அவளை.

"வெட்டுங்க பாய்."

இன்ஜினுக்குக் கீழே தகட்டில் குறுக்காக இரண்டு பிளவு. அவ்வளவுதான். முள் அதன் பிறகு ஏறவே இல்லை.

நான்: 2 நிமிடம் 11 விநாடி. அவள்: 2 நிமிடம் 8. அதே கார், அதே டயர், அதே வெயில். வேறு சாக்கு இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

6 பிப்ரவரி, சனி

ரேஸ் படிவத்தை நானே நிரப்பினேன். டிரைவர்: பத்மப்ரியா. பொறாமையாக இருக்கிறது, மறைப்பானேன். ஆனால் அவள் கடைசி வளைவைப் பிடித்தபோது தடுப்பில் ஏறி நின்று கத்தியவனும் நான்தான். ஒரு வாரமாகியும் தொண்டை சரியாகவில்லை.

கீழே ஒரு கட்டம்: "விபத்து நேர்ந்தால் தகவல் தெரிவிக்க வேண்டியவர்." அதில் இத்தனை வருடம் அவள் பெயர் இருந்தது. இன்று என் பெயரை எழுதினேன். நாலு எழுத்து எழுதுவதற்குள் இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்தேன். இதை அவள் எப்படி வருடா வருடம் பார்த்துக்கொண்டிருந்தாள்?

பாய்க்குப் போன் செய்தேன். நாளை காலை ரிவெட் ஒவ்வொன்றையும் மறுபடி பார்க்கிறோம்.