எதிர்க்கடையில் கூட்டம்

2024 அக்டோபர் 14

எதிர்க்கடை மறுபடியும் திறந்துவிட்டது. நான் இந்தத் தீவில், டெலானிபூர் மேட்டில் மெஸ் ஆரம்பித்த நாளிலிருந்து அந்த ஒரே ஷட்டருக்குப் பின்னால் எத்தனை பேர் வந்து போய்விட்டார்கள்! பெங்காலி மிட்டாய்க் கடை ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. மலையாளத்துக்காரர் பிரியாணி போட்டார். அவருக்கும் மாமனாருக்கும் சண்டை வந்து மூடிவிட்டார். மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு ஜோடி ‘பீச் கஃபே’ என்று பலகை மாட்டியது. அங்கே உட்கார்ந்தால் கடலா தெரியும்? கவர்மென்ட் குவார்ட்டர்ஸ் மாடியில் காயும் துணிதான் தெரியும். டூரிஸ்ட் சீசன் முடிந்ததும் அதுவும் போச்சு. எல்லாத் திறப்பு விழாவுக்கும் போய் இனிப்பு தின்றுவிட்டு “நல்லா நடக்கட்டும்” என்று சொல்லியிருக்கிறேன். மூடும்போது “ஐயோ பாவம்” என்றும் சொல்லியிருக்கிறேன். மீன் குழம்பு என்றால் இந்த மேட்டில் என் கிளாரா மெஸ்தான். அதை யாரும் அசைக்கவில்லை.

இந்த முறை வந்திருப்பவள் பெயர் மரகதம். மாயாபந்தரில் படகு வந்து நிற்கும் ஜெட்டிக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தாளாம். புருஷன் இல்லை. என்னைவிடச் சின்னவள். பலகைகூட அவளே எழுதியது போலிருக்கிறது, எழுத்தெல்லாம் கீழே சரிந்து ஓடுகிறது. ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு கொண்டுவந்து, “அக்கா, ருசி பாத்துச் சொல்லுங்க” என்றாள். “கொஞ்சம் உப்பு கம்மி” என்றேன்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.

அக்டோபர் 19

மத்தியானம் எட்டிப் பார்த்தேன். ஈ ஓட்டுகிறாள். மே மாதம் தாண்ட மாட்டாள்.

நவம்பர் 6

தினமும் என்னிடம் சாப்பிடும் ஆபீஸ்காரர் சந்திரசேகர் சார் இரண்டு நாளாக வரவில்லை. லீவு போட்டிருப்பார், காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்து, மூன்றாம் நாள் அவருக்காகத் தனியாக ரசம்கூட எடுத்து வைத்தேன். பாத்திரம் கழுவிய தண்ணீரை வெளியே கொட்டப் போனபோது எதிர்க்கடையிலிருந்து அவர் வெளியே வருகிறார். மழை இல்லை. ஆனாலும் குடையை விரித்து என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனார். அந்த மனுஷருக்குப் பெண்டாட்டி மெயின்லேண்டில். இத்தனை வருஷமாக அவர் வயிற்றைப் பார்த்துக்கொண்டவள் நான். முள் எடுத்து மீன் வைத்தவள் நான்.

போகட்டும். குடையாவது பிடித்தாரே, கொஞ்சம் வெட்கம் மிச்சமிருக்கிறது.

நவம்பர் 21

அப்படி என்னதான் செய்கிறாள்? சிரிக்கக்கூட மாட்டாள். வா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவளும் இல்லை. டேபிள் ஆடுகிறது, அடியில் அட்டை மடித்து வைத்திருக்கிறாள். என் கடையில் ஃபேன் இருக்கிறது, வாஷ்பேசின் இருக்கிறது, மாதா படம் இருக்கிறது. அங்கே என்ன இருக்கிறது?

டிசம்பர் 12

இவர் பாம்பூஃப்ளாட் ஃபெர்ரிப் படகில் டியூட்டி முடிந்து வந்தார். சாப்பாடு எடுத்து வைத்தேன். “பசிக்கல” என்றார். கல்யாணமான நாளிலிருந்து இந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. பக்கத்தில் போனேன். சட்டையில் மாங்காய் போட்ட குழம்பு வாசனை. நான் இன்றைக்கு மாங்காய் வாங்கவே இல்லையே.

“எங்க சாப்ட்டிங்க?”

“ஃபெர்ரில பசங்க கூட...”

“பொய் சொல்லாதிங்க.”

“எல்லாரும் சொல்லுதாங்களேன்னு ஒரு நாளு போனேன். அதுக்குப் போய் ஏன் இந்தப் பொருமு பொருமுத?”

எப்படி இருந்தது என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். “பரவால்ல” என்றார். அந்தப் பரவால்லையைச் சொல்லும்போது மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வெளியே வேறு பொம்பளை வைத்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது போல. சீ, என்ன எழுதுகிறேன். ஆனால் எரியுதே. நான் என்ன செய்ய? எனக்கு எரியுது.

டிசம்பர் 25

மரகதம் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்ல வந்தாள். முந்திரிக்கொத்து கொடுத்தேன், உடைந்ததாகப் பார்த்து.

2025 பிப்ரவரி 11

செவ்வாய்க்கிழமை. அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். என் கடை நன்றாக நடக்க வேண்டும் என்று மட்டும்தான் கேட்டேன். அவள் கடை மூட வேண்டும் என்று கேட்கவில்லை. அந்தோணியாருக்கு அது புரியும்.

மே 26

சீசன் முடிந்து டூரிஸ்ட்கள் போய்விட்டார்கள். அவள் போகவில்லை. இப்போது ஆபீஸ்காரர்கள் வெளியே நின்று காத்திருந்து சாப்பிடுகிறார்கள். எனக்கு மிச்சமிருப்பவர்கள் நடக்க முடியாதவர்களும், ரோட்டைக் கடக்கச் சோம்பல்படுகிறவர்களும்.

கடல் மோசமாக இருக்கிறதாம். சரக்குக் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பவே இல்லை என்று இவர் சொன்னார். ஜெட்டியில் இருக்கிறவர்களுக்கு ஊருக்கு முன்னால் செய்தி தெரிந்துவிடும். கப்பல் இல்லையென்றால் வெங்காயம் இல்லை, தக்காளி இல்லை. வெங்காயம் இல்லாமல் எப்படிக் குழம்பு வைப்பாள்?

மே 27

விடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போய் பிஸ்வாஸ் கடையிலிருந்த வெங்காயத்தை எல்லாம் எடுத்துவிட்டேன். பக்கத்துக் கடையிலும். “சப் லே லியா, தீதி? ஷாதி ஹை க்யா?” என்று சிரித்தான் பிஸ்வாஸ். ஆமாம், கல்யாணம்தான் என்றேன். ஆட்டோவில் ஏற்றி வந்து பின்னறையில் அடுக்கிக் கதவைப் பூட்டியாயிற்று.

இவர் மூட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குளிக்கப் போய்விட்டார்.

மே 30

மரகதம் வந்தாள். “அக்கா, ஒரு கிலோ வெங்காயம் இருந்தாக் குடுங்க, கப்பல் வந்ததும் தந்துடுறேன்.”

எங்கள் மேட்டில் இது பழக்கம். கப்பல் தாமதமானால் இருக்கிற கடைக்காரர் இல்லாதவருக்குப் பங்கு கொடுப்பார். எதிரியாக இருந்தாலும் கொடுப்பார். டீக்கடை ஈஸ்வரன் போன வருஷம் எனக்குத் தன் பால்பவுடரில் பாதியைக் கொட்டிக் கொடுத்தார். இல்லை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

“இல்ல மரகதம். எனக்கே இல்ல” என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனாள். வேறெங்கும் போய்க் கேட்டதாகத் தெரியவில்லை. கிளாரா மெஸ்ஸிலேயே இல்லையென்றால் வேறு எங்கே இருக்கும் என்று என்னை நம்பிவிட்டாள்.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். கொஞ்சம் இருக்கத்தான் செய்தது.

ஜூன் 2

கடவுளே. வெங்காயமே இல்லாமல் சமைக்கிறாள். மரவள்ளிக்கிழங்கு அவித்து, நெத்திலிக் கருவாடும் மாங்காயும் போட்டுத் தேங்காய் அரைத்து ஒரு குழம்பு. மாயாபந்தரில் மழைக்காலம் முழுக்க இதுதானாம். சந்திரசேகர் சார் குடைகூடப் பிடிக்காமல் என் வாசல் வழியாகவே போகிறார். ஈஸ்வரனே டீக்கடையை விட்டுவிட்டுப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து என்னிடம் சொல்கிறார், “கிளாராம்மா, நாக்குல நிக்குது.”

என் கடையில் வெங்காயம் போட்ட குழம்பு, வெங்காயச் சட்னி, வெங்காயப் பச்சடி எல்லாம் இருக்கிறது. ஆள்தான் இல்லை.

ஜூன் 6

கப்பல் வந்துவிட்டது. மார்க்கெட்டில் வெங்காயம் குவிந்து கிடக்கிறது.

ஜூன் 11

எழுதவே கை கூசுகிறது. ராத்திரி பெய்த மழையில் பின்னறைக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. பூட்டிய அறை, காற்று கிடையாது, மூட்டைகள் ஏற்கெனவே அழுக ஆரம்பித்திருந்தன. எனக்குத் தெரியும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். காலையில் கதவுக்கு அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர். வாசல் தாண்டி, படி இறங்கி, ரோட்டுச் சரிவில் ஓடி, நேராக அவள் கடை வாசலில் போய்த் தேங்கிவிட்டது. தண்ணீரோடு தோலும் சருகும். அந்த நாற்றத்தை வேறெதுவென்றும் சொல்லிச் சமாளிக்க முடியாது.

எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஈஸ்வரன் என் பின்னறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் விளக்குமாறோடு இறங்கிப் போனேன். அதற்குள் மரகதம் பாதி கழுவிவிட்டிருந்தாள்.

“இருக்கு, ஆனா தர மாட்டேன்னு சொல்லியிருந்தா எனக்கு வருத்தமே இல்லக்கா” என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. “இல்லன்னு சொன்னீங்களே.”

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். விளக்குமாற்றால் சருகை ஒதுக்கினேன்.

ஜூன் 13

அந்தோணியார் திருநாள். கோயிலுக்குப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

ஜூலை 17

மறுபடியும் கடல். கேஸ் வரத்து நின்றுவிட்டது. காலையில் குழம்பு கொதிக்கும்போதே அடுப்பு அணைந்தது. ஈஸ்வரனிடம் ஒரு சிலிண்டர் கேட்டேன். “எங்கிட்டயும் இல்ல கிளாராம்மா” என்றார். உள்ளே ஒன்று நிற்பது தெரிந்தது. அவர் முகத்தையே பார்த்தேன். அவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அடுத்த கடையிலும் இதேதான். யாரும் கோபமாகப் பேசவில்லை. யாரிடமும் இல்லையாம், அவ்வளவுதான்.

வாசலில் ‘இன்று விடுமுறை’ என்று எழுதி மாட்டினேன். இந்த ரோட்டில் எத்தனையோ ஷட்டர் இறங்கி நான் பார்த்திருக்கிறேன். என் ஷட்டர் இறங்கும் சத்தம் எனக்கு இவ்வளவு நாளாகத் தெரியாது.

ஜூலை 18

இவர் சொன்னார்: “மரகதத்துட்ட கேளு.”

“செத்தாலும் கேக்க மாட்டேன்.”

“அப்ப கடைய மூடிட்டு இரு. நம்ம எடத்த வாடகைக்குக் கேட்டு ஆளு வந்துட்டான், மோமோ கடை போடணுமாம்.”

என் கடையில் மோமோவா!

போனேன். மத்தியானக் கூட்டம் முடிந்த பிறகு போனேன். “மரகதம், சிலிண்டர் இருக்கா?” என்று கேட்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “இருக்குக்கா. தர மாட்டேன்.”

சரி என்று திரும்பினேன். அடி வாங்கிய மாதிரிதான் இருந்தது, ஆனால் பொய் வாங்கிய மாதிரி இல்லை. படி இறங்கும்போது பின்னாலேயே குரல் வந்தது.

“தூக்கித்தான் தர மாட்டேன். அந்த ஓரத்து அடுப்பு சும்மாத்தான் கெடக்கு. ஒங்க ஆளுங்களுக்கு இங்கயே வந்து சமைச்சுப் போடுங்க. காலையில சீக்கிரம் வாங்க, எனக்குப் பேச நேரம் இருக்காது.”

ஜூலை 19

போனேன். உப்பு எங்கே என்று கேட்டேன், கையைக் காட்டினாள். அவ்வளவுதான்.

ஆனால் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியுமா? அரைத்த தேங்காயைப் போட்டுவிட்டு அடுப்பை அணைத்துவிடுகிறாள். கொதிக்க விடுவதே இல்லை. நான் இவ்வளவு காலமாகப் பொங்கப் பொங்கக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். என்னை யாரும் திருத்தவில்லையே. நானும் யார் குழம்பையும் உற்றுப் பார்த்ததில்லையே. அவள் கை எனக்கு ஏன் இல்லை? இதை எழுதும்போதும் எரியத்தான் செய்கிறது.

ஜூலை 21

இன்று கூட்டம் அதிகம். மரகதம் பின்னால் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான்தான் பரிமாறினேன். சந்திரசேகர் சாருக்கு என்னைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் குழம்பை ஊற்றினேன். ஓரத்து அடுப்பில் நான் வைத்தது என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. இரண்டு வாய் சாப்பிட்டார். நிமிர்ந்து பார்த்தார்.

“கிளாராம்மா! இவ்வளவு நாளா இந்தக் கையை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? சூப்பர்!”

சுற்றிலும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஈஸ்வரனும் அங்கே இருந்தார். பின்னால் குழாய்ச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. சும்மா சிரித்திருந்தாலே போதும், ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை.

“மரகதம் வச்சது” என்றேன். முதல் தடவை குரலே எழும்பவில்லை. அவர் “ஆங்?” என்றார். இரண்டாவது தடவை கத்தினேன். “மரகதம் வச்சது, சார். நான் வைக்கல.”

குழாய் நின்றது. அவள் வெளியே வரவில்லை.

சாயங்காலம் இவர் வந்து, கேஸ் ஏற்றிய கப்பல் நாளைக்கு ஜெட்டியில் கட்டும் என்றார். என் கடையைத் திறந்துவிடலாம். நல்லதுதான். ஆனால் மாங்காயை எப்போது போடுகிறாள் என்று நான் இன்னும் பார்க்கவில்லை. கப்பல் இன்னும் ஒரு நாள் கழித்து வந்தால் தேவலை.