மாற்றிக் கொடுத்த வாக்குத்தத்தம்

என் எஸ்தர் அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கொடியில் மறந்துவிட்டிருந்த போர்வையை எடுத்து உதறினேன். வழக்கம்போல் அனல்மின் நிலையத்துச் சாம்பல் தூசி. நீங்கள் இருந்திருந்தால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என் பக்கம் உதறாதடி" என்று குரல் வந்திருக்கும். இன்று அங்கே உங்கள் வீட்டுக்கார அண்ணன் உங்கள் பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

அண்ணன் ரிட்டையர் ஆகிவிட்டார், அக்கா. சனிக்கிழமை குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஊரோடு போகிறார். என் வீட்டில் இவர் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டால் நாள் முழுக்க நான் வாய் திறக்க வேண்டியதே இல்லை. மகள் கோவையில். நம் பிளாக் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறேன். நீங்கள் இல்லாமல் பாட்டை யார் எடுப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

நீங்கள் போனதிலிருந்து, எட்டு மாதமாக, அண்ணன் கோயிலுக்கு வருவதில்லை. போன வாரம் நாங்கள் சிலர் அவரைப் பார்க்கப் போனோம். "பாடு வழியாத்தாங்க கர்த்தர் நம்மள கிட்ட இழுக்குறாரு" என்றார் லில்லி டீச்சர்.

அண்ணன் சிரித்தார். "கிட்ட இழுக்கக் கையப் புடிச்சா பத்தாதா டீச்சர்? கழுத்தையா புடிப்பாரு?" பிறகு என் பக்கம் திரும்பினார். "குணமாக்குவேன்னு அட்டையில வந்துச்சே, ஜெபா. நீதானே கொண்டாந்து குடுத்த. கடைசி வரைக்கும் தலகாணிக்கு அடியில வெச்சிருந்தா. இனிமே என்னத்த நம்பச் சொல்ற?"

நான் முதல் ஆளாக எழுந்து வந்துவிட்டேன்.

இதை உங்களிடம் நேரிலேயே சொல்லியிருக்க வேண்டும். புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வரிசையில் நின்று, தட்டில் கவிழ்த்து வைத்திருந்த வாக்குத்தத்த அட்டைகளில், வருஷத்துக்கான வசனம் என்று ஆளுக்கொன்று எடுத்தோம். நீங்கள் புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் இருந்ததால் உங்களுக்கும் நானே எடுத்தேன். குணமாக்கும் வசனம் எனக்கு வந்தது. உங்களுக்கு வந்தது, ஆபத்தில் கூடவே இருப்பேன் என்பது. அதில் ஆபத்து என்ற சொல் மட்டும்தான் என் கண்ணில் பட்டது. உங்களைப் பார்க்கப் பஸ்ஸில் வரும்போதே இரண்டையும் மாற்றிவிட்டேன். "உன் கைராசிடி" என்று அட்டைக்கு முத்தம் கொடுத்தீர்கள்.

அன்பினால்தான் செய்தேன் அக்கா. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், கண்ணை மூடியபடியே சொன்னீர்களே: "குணமாக்காட்டியும் பரவால்ல ஜெபா. கூட இருக்காருன்னு தெரிஞ்சா போதும்." அந்த வார்த்தை அப்போது என் பைபிளுக்குள் இருந்தது, உங்கள் கட்டிலுக்கு ஒரு முழத் தூரத்தில். எடுத்து நீட்டத் தைரியம் வரவில்லை. ஆறிப்போன கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தேன்.

கர்த்தர் ஏன் பாடுகளை அனுமதிக்கிறார்? நம்மைக் கிட்டச் சேர்க்கத்தான் என்று எத்தனை வீடுகளில் நானும் சொல்லியிருக்கிறேன். உங்களை அது கிட்டச் சேர்த்ததா? இல்லை, அவர் நீட்டிய கையை நான்தான் மறைத்துவிட்டேனா? நீங்கள் போனபின் ஒரு ஜெபத்தைக்கூட நான் முடித்ததில்லை. முழங்கால் போட்டால் பாதியில் எழுந்துவிடுகிறேன்.

இவரிடம் சொல்லவில்லை. பாஸ்டரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். உங்களுக்கு வந்த அட்டையை அண்ணன் கையில் கொடுக்கப் போகிறேன். ஏமாற்றியது கர்த்தர் இல்லை அண்ணா, நான்தான் என்று சொல்லப் போகிறேன். அவர் என்னைத் திட்டலாம். ஊருக்குப் போனபின் ஒரு போன்கூடப் பேசாமல் விட்டுவிடலாம். உங்களைப் பற்றிப் பேச எனக்கு மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான். இருந்தாலும், சாமான் ஏற்ற லாரி வந்து நிற்பதற்குள் சொல்லிவிடுவேன், அக்கா. இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

கூடப் பிறக்காத உங்கள் தங்கை,
ஜெபா