சாயங்காலத்துச் சிரிப்பு

ஜனவரி 12, ஞாயிறு

சுகர் லேண்ட் மாப்பிள்ளையோடு முதல் வீடியோ கால், காலைப் பசியாறல் முடிந்த கையோடு. பெயர் ஜுஹைர். எங்கள் பிளானோவிலிருந்து காரில் நாலு மணி நேரம் அவர் ஊர். ஆயில் கம்பெனியில் இன்ஜினியர். புது அபார்ட்மெண்டில் நெய்ச்சோறு ஆக்கப்போய் ஃபயர் அலாரம் அலறியதை, அலாரமாகவே நடித்துக் காட்டினார். எனக்கு வாயெல்லாம் பல். முப்பத்திரண்டு வயதில் இப்படியா இளிப்பது, அமல்? வெட்கமாக இல்லை? இல்லை!

உம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் ஒரே கேள்வி: “அத சொல்லலையே?”

சொல்லவில்லை. அது என்றால் மயஸ்தீனியா. என் உடம்பைக் காக்க வேண்டியதே என் உடம்பை அடிக்கிறது. நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேருவதில்லை. காலையில் நான் ராணி. பொழுது சாயச் சாய இமை தொங்கும், தாடை அசையாது, சிரித்தால் உறுமுவது மாதிரி இருக்கும். நான்கு வருடமாக இந்தக் கூத்துதான்.

ஜனவரி 15

இன்று அவர் ஆபீஸ் முடிந்து கூப்பிட்டார். ஒரே ஜோக். உள்ளுக்குள் உருண்டு புரண்டு சிரிக்கிறேன். திரை மூலையில் என் முகமோ விசா ஆபீசர் மாதிரி உர்ரென்று இருக்கிறது.

“பிஸியா இருக்கீங்களா? அப்புறம் பேசவா?”

“இல்ல, ரொம்ப ஃபன்னியா இருக்கு” என்றேன், விசாவை மறுக்கும் அதே முகத்தோடு.

ஜனவரி 20

மறுபடியும் சாயங்காலம். பேச்சு நடுவில் இடது இமை பொத்தென்று விழுந்துவிட்டது.

“இப்ப... கண்ணடிச்சீங்களா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்! வேறு என்ன சொல்ல? “இந்த முகத்தோட கண்ணடிக்கிற ஆள இப்பத்தான் பாக்குறேன்” என்றார். தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன். எனக்கு இவரைப் பிடித்திருக்கிறது. ரொம்ப.

ஜனவரி 24

மெசேஜ் வந்தது. “வீட்ல சொல்றாங்கன்னு கஷ்டப்பட்டு பேசுறீங்கன்னு தோணுது. நானே வேணாம்னு சொல்லிடுறேன். உங்க மேல பழி வராது.”

ஐயோ! வேண்டாம் என்று சொல்வதில்கூடவா ஒரு மனுஷன் இவ்வளவு நல்லவனாக இருப்பான்? என்ன பண்ணுவேன் நான்?

எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். உம்மா பதறினாள். “ஆயிரம் பொய் சொல்லியாச்சும் ஒரு கல்யாணத்த பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க? நிக்காஹ் முடியட்டும் புள்ள.”

“பொய் சொல்லவும் வாய் அசையணுமே உம்மா.”

சிரித்தாள். அப்புறம் அழுதாள்.

ஜனவரி 25, சனி

சொல்லிவிட்டேன். வேண்டுமென்றே பொழுது சாய்ந்த பிறகு கூப்பிட்டேன், முழுதாகப் பார்க்கட்டும் என்று. தொங்கிய இமை, குழறும் நாக்கு, எல்லாம். மாத்திரையில் ஓடுகிறது, முழுசாகக் குணமாகாது, மூச்சுக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நாளும் வரலாம் என்றேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

கடைசியில், “அப்ப சாயங்காலம் எல்லாம் நீங்க சிரிச்சுக்கிட்டுதான் இருந்தீங்களா?”

“ஆமா.”

“எல்லா ஜோக்குக்குமா?”

“பார்க்கிங் டிக்கெட் ஜோக்குக்கு மட்டும் இல்ல.”

“கொஞ்சம் டைம் குடுங்க. இதப் பத்திப் படிச்சுட்டுப் பேசுறேன்” என்றார். நியாயம்தான். நியாயமாக இருந்தால் வலிக்காதா?

பிப்ரவரி 1

போன் வரவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்ததில் தோசை கருகியது.

மே 10, சனி

கை எழுத ஒத்துழைக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

காலை ஒன்பது மணிக்கு நிக்காஹ். இந்த ஊரில் கல்யாணம் என்றால் சாயங்காலம்தான். பக்கத்து வீட்டு ரோஷினி ஆன்ட்டி, பட்டுப்புடவையும் தூக்கக் கலக்கமுமாக பிளானோ ஹாலுக்கு வந்து மாப்பிள்ளையிடமே கேட்டுவிட்டார்: “சனிக்கிழம அதுவுமா, இந்நேரத்துக்கு யாருப்பா கல்யாணம் வெச்சது?”

“நான்தான் ஆன்ட்டி” என்றார் ஜுஹைர். “அவ சிரிக்கிறத எல்லாரும் பாக்கணும்ல.”

கொஞ்சம் வாயை மூடுங்கள் சிஸ்டர் என்று போட்டோகிராபர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூடவில்லை.