எருது மேல் ஒரு குதிரைப் பொலிஸ்

கொழும்பில் குதிரையேறிப் பொலிஸ் உத்தியோகம் பார்த்த என் மச்சானுக்கு,

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு இங்கே நடந்ததை வேறு யாராவது குறைத்துச் சொல்ல முன் நானே எழுதிவிடுகிறேன்.

சண்டைக்குப் பயந்து கிளிநொச்சிச் சனம் முழுவதும் ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாள். வட்டக்கச்சி தாண்டியதும் உன் மகள் சாந்திக்குப் பிள்ளைப்பேற்று நோ தொடங்கிவிட்டது. உழவு இயந்திரப் பெட்டியில் கிடந்தாள். என் தங்கச்சி, அதுதான் உன் மனுசி, அவள் தலையை மடியில் வைத்திருந்தா. தர்மபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ரோட்டில் ஊசி விழ இடமில்லை. உழவு இயந்திரக்காரன் கோர்ன் அடிக்க அடிக்கச் சனம் வெருண்டு இன்னும் நெருக்கியது.

கொழும்பு மைதான வாசலில் குதிரையில் இருந்து சனம் ஒதுக்கிய கதையை நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! “டேய், குதிரையைச் சனத்துக்கு நேரே விடாதை. முகத்தைக் கண்டால் ஓடும், ஓடினால் மிதிபடும். பக்கவாட்டிலை அணைச்சு விடு, தானா ஒதுங்கும்.”

கோர்னை நிறுத்தச் சொன்னேன். பெட்டிக்குப் பின்னால் கட்டியிருந்த என் சிவலை எருதை அவிழ்த்தேன். ஒரே பாய்ச்சலில் முதுகில் ஏறினேன். தாங்கள்தான் தூக்கி ஏற்றியதாக இரண்டு பேர் சொல்லித் திரிகிறார்கள். நம்பாதே.

“அண்ணை, குதிரைக்குக் கொம்பு முளைச்சிட்டுதோ?” என்றான் ஒருத்தன்.

“பொலிஸ் குதிரையடா, எல்லாம் முளைக்கும். அரக்கு!”

சனம் சிரித்தது. சிரித்தபடியே அரங்கி வழிவிட்டது. எருதின் விலாவால் அணைத்து அணைத்து நான் போக, உழவு இயந்திரம் பின்னால் வந்தது.

“மாமா, கெதியா!” என்று கத்தினாள் சாந்தி.

“பொலிஸ்காரன் ஓடமாட்டான் பிள்ளை. பல்லைக் கடி!”

பிறகு அவள் சத்தம் நின்றுவிட்டது. எனக்குக் கால் நடுங்கியது. எருதுதான் நடுங்குகிறது என்று தங்கச்சியிடம் சொன்னேன்.

மேலேயிருந்து பார்க்க முகங்களே தெரியவில்லை மச்சான். உச்சந்தலையும் மூட்டையும்தான். உனக்கும் அப்படித்தான் தெரிந்ததா? அதை மட்டும் நீ சொல்லவேயில்லையே.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும் பிள்ளை பிறந்தது, பெட்டைக்குஞ்சு. தாயும் பிள்ளையும் சுகம். கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு பேரும் இல்லையாம், நேர்ஸ் சொன்னா. டொக்டர் வாசலுக்கே வந்து எனக்குச் சலூட் அடித்தார். இப்போது தர்மபுரத்தில் கொட்டில் போட்டு இருக்கிறோம். பேத்தி தவழ்கிறாள்.

சண்டை ஓய்ந்து பாதை திறக்கட்டும். அவளைக் கொழும்புக்குக் கூட்டிப்போய், நீ வேலை செய்த லாயத்தில் உயரமான குதிரையாகப் பார்த்து ஏற்றிவைப்பேன். வழியில் ஒருவரையும் ஒதுக்கத் தேவையில்லாத நாளாய்ப் பார்த்துத்தான் போவோம். இது சத்தியம்.

உன் பிள்ளையின் தாய்மாமன்,
உன் மச்சான்.