பதினெட்டாவது செடி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

இந்த மலையில் மட்டுமே வளரும் ஒரு செடியை அரசு வேலி போட்டுக் காக்கிறது. வெறும் கண்துடைப்பு என்றுதான் நினைத்திருந்தேன். வேலிக்குள் எத்தனை செடிகள் இருக்கின்றன என்று நேற்று எண்ணப் போனேன். பதினேழு என்று எழுதிவிட்டுப் பையை இறக்கினேன். வனக்காவலர் பதறிவிட்டார்.

"ஐயோ மேடம், பையைத் தூக்குங்க! பதினெட்டாவது அதுக்கு அடியில இருக்கு. படிச்சவங்களே இப்படிப் பண்ணலாமா?"

விரல்நுனி அளவு நாற்று, சாய்ந்து கிடந்தது. மண்டியிட்டுத் தீக்குச்சியால் முட்டுக் கொடுத்தார். இன்று நிமிர்ந்துவிட்டது. விடுமுறையிலும் வந்து எண்ணுகிறாராம். அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. எனக்கு அது லேசில் வராது, உனக்குத் தெரியும்.

இழுப்பறையில் இருக்கும் என் பூதக்கண்ணாடியை அனுப்பி வை.

சாப்பிடத் தட்டு வைக்கும்போது என்னையும் சேர்த்து எண்ணிவிடுகிறாய் என்று தம்பி போனில் சிரித்தான். எண்ணு அம்மா, நிறுத்தாதே.

ஜீப் வந்துவிட்டது.

உன் மகள்