ஆறாமல் இருந்தது பெட்டிதான்

சிவமயம்

மேலகரம்,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புச் செல்வன் மணிகண்டபிரபுவுக்கு, குற்றாலநாதர் திருவருளால் அப்பா இங்கு நலமாக இருக்கிறேன், மெல்போர்ன் குளிரில் நீயும் உடலும் உள்ளமும் வாடாமல் இருக்க வேண்டும் என்று நாள்தோறும் விளக்கின் முன் நின்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே சாரல் இறங்கிவிட்டது. ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம், காலை முதல் இருட்டும் வரை கார்களும் வேன்களும் நம் தெருமுனையைக் கடந்து குற்றாலத்துக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. இத்தனை பேர் நம் வாசலைத் தாண்டிப் போகிறார்கள், ஆனால் கதவுத் தாழ்ப்பாளைத் தட்டுகிறவர் ஒருவரும் இல்லை. சமையலைப் பற்றிக் கவலைப்படாதே, ஒருவனுக்கு வடிக்கும் சோற்றுக்கு அளவு இன்னும் கைவரவில்லை, மிஞ்சுவது காக்கைக்கு ஆகிறது.

உன் பெரியப்பா மகள் நிவேதா நேற்று வந்து, நீ அவளுக்கு அனுப்பிய செய்தியை வாசித்துக் காட்டினாள். அப்பாவுக்குக் கோபம் ஆறட்டும், பெறவு பேசுதேன் என்று எழுதியிருந்தாயாம். அவள் முன்பாகவே நான் இரண்டு முறை உன்னை அழைத்துப் பார்த்தும் மணி மட்டும் அடித்து ஓய்ந்தது. அண்ணன் எடுக்க மாட்டுக்கான் சித்தப்பா, நீங்க அவன அப்படி என்னதான் சொன்னிய என்று என்னையே வைதாள். ஆறட்டும் என்ற சொல்லை இரவெல்லாம் எண்ணிப் பார்த்தேன். சோறு ஆறும், புண் ஆறும், சினம் ஆறும், துயருற்றவனுக்குச் சொல்வதையும் ஆறுதல் என்றே சொல்லிவைத்தார்கள் முன்னோர். நம் வீட்டில் இப்போது ஆறாமல் இருந்தது எது என்பதை நீ அறிந்துகொள்ளவே இக்கடிதம். நீ அழைப்பை எடுக்காவிட்டாலும் எழுத்தைப் படிக்காமல் தள்ளமாட்டாய் என்பதால், நிவேதா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

அன்று மடிக்கணினியில் முகம் பார்த்துப் பேசும்போது நீ, அப்பா, லீவு கெடைக்கல, அம்மை திதிக்கு வர முடியாது போலருக்கு என்று தயங்கித் தயங்கிச் சொன்னாய். நான், அப்படின்னா நீ வர வேண்டாம் என்று தொடங்கினேன். அந்த இடத்தில் பெட்டி அணைந்தது. அணைந்ததை நான் அறியவில்லை, உன் முகத்தைப் பார்த்தால் குரல் தழுதழுக்கும் என்று அம்மையின் படத்தைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துத் திரும்பியபோது, கறுத்த கண்ணாடியில் நீறு பூசிய என் நெற்றிதான் எதிரே தெரிந்தது. பதறி மறுபடியும் பொத்தானை அழுத்தினேன். உள்ளிருக்கும் விசிறி பேயிரைச்சல் போட, நீயும் வந்தாய், ஏன்ப்பா கட் பண்ணுனிய என்று கேட்டாய், நான் வாய் திறப்பதற்குள் பெட்டி மீண்டும் அணைந்தது. பாதிச் சொல்லும் இரண்டு முறை இருண்ட திரையும் உன்னிடம் வந்து சேர்ந்தால் நீ வேறு என்ன எண்ணுவாய்? உன்மேல் குறையில்லை, மகனே.

கண்புரை அறுவைக்குப் பின் கைப்பேசியில் உன் முகம் எனக்குக் கடுகளவாகவே தெரிகிறது, ஆகவே நீ விளையாடி விட்டுச்சென்ற இந்தப் பெரிய பெட்டியே எனக்குக் கதி என்பது உனக்குத் தெரியும். அது சில காலமாகவே அடுப்பிலிட்ட கல்போலக் கொதித்தது, ஊரே சாரலில் சில்லிட்டுக் கிடக்க இது மட்டும் தகித்தது. மேசை விசிறியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், பயனில்லை. அடுத்த வீட்டுப் பலவேசம், ஐந்தருவியில கொண்டுபோயி ஒரு குளி குளிப்பாட்டும் அண்ணாச்சி, சூடு எறங்கிரும் என்று பகடி செய்தார். கடைசியில் பையில் போட்டுக்கொண்டு பேருந்தேறித் தென்காசிக்குப் போனேன். அங்கே கணினி பழுது பார்க்கும் சஃப்ரின் என்ற பெண், பெட்டியின் சிவப்பு விளக்குகளைப் பார்த்ததும், தாத்தா, நீங்க என்ன கேம் ஆடுதிய என்று கேட்டுச் சிரித்தாள். அடிப்பலகையைக் கழற்றியவள் மேசை விளக்கை அருகே இழுத்துப் பிடித்தாள். பிறகு, இதுக்குள்ள ஒரு கோயிலே இருக்கே தாத்தா என்றாள். எட்டிப் பார்த்தேன். விசிறியின் இதழ்களிலும் காற்று வெளியேறும் கம்பிகளிலும் திருநீறும் சாம்பிராணிக் கரியும் திரிப்பஞ்சின் இழையும் அடையடையாய் அப்பிக் கிடந்தன. உன் முகம் தோன்றும் இடம் என்று பூசையறையில் அம்மை படத்துக்கு எதிரே அதை வைத்தவன் நான். ஓதும் ஏட்டை வெறும் பலகையில் வைக்கலாகாது, பட்டு விரித்தே வைக்க வேண்டும் என்ற வழக்கத்தைப் பெட்டிக்கும் கொண்டு, அம்மையின் அரக்குப் பட்டுச் சேலையை எட்டாக மடித்து அதன் அடியில் விரித்தவனும் நானே. பெட்டி மூச்சு வாங்கும் துளைகள் அடியில்தான் இருக்கின்றனவாம். எழில் கருதிச் செய்ததன்று, பக்தியால் அதன் வாயைப் பொத்திவிட்டேன்.

அவள் விசிறியைத் துடைத்து, காய்ந்து போயிருந்த, சூடு கடத்தும் பசையை வழித்தெடுத்துப் புதிதாய்ப் பூசினாள். உதிர்ந்த நீற்றைக் குப்பையில் தட்டவில்லை, ஒரு தாளில் மடித்து, இந்தாங்க, போட மனசு வரல என்று என் கையில் கொடுத்தாள். இன்னொன்றும் சொன்னாள். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் உன் விளையாட்டுகள் இரண்டு தாமாகவே பின்னால் ஓடத் தொடங்குமாம், அதனாலும் சூடாம். ஒங்க பேரன் ஊர்ல இல்லாட்டியும் அவன் கேம் இங்கன ஓடிக்கிட்டேதான் இருந்திருக்கு, அழிச்சிரட்டா என்று கேட்டாள். பேரன் இல்லை, மகன் என்றேன். தானாக ஓடாதபடி நிறுத்து தாயி, அழிக்க மட்டும் வேண்டாம் என்றேன். நீ இல்லாத இத்தனை காலமும் உன் விளையாட்டு ஒன்று என் எதிரில் நடந்துகொண்டிருந்தது என்று அறிந்தபோது, வீடு அவ்வளவு வெறுமையாய் இருக்கவில்லையோ என்று தோன்றியது.

இப்போது பெட்டியை முன்னறைக்கு மாற்றிவிட்டேன். நான் ஏடு வைத்து ஓதும் வியாசபீடம், கத்தரிபோல் விரியும் அந்த மரத்தாங்கி, அதன்மேல் பெட்டி இருக்கிறது, அடியில் காற்று தாராளமாய்ப் போகிறது. ஏடு அம்மையின் பட்டின்மேல் இருக்கிறது. இருவரும் இடம் மாற்றிக்கொண்டார்கள், இருவருக்கும் மனக்குறை இல்லை.

இனி, கண்ணாடிக்குச் சொன்ன மறுபாதியை உனக்குச் சொல்கிறேன். அப்படின்னா நீ வர வேண்டாம்யா, அவ்வளவு தூரம் அலையாத, அங்கனயே ஒரு விளக்கேத்தி அம்மைன்னு ஒரு தடவை கூப்பிடு, அவளுக்கு அது காணும், இங்க உள்ளத நான் பாத்துக்கிடுதேன். இவ்வளவுதான் நான் சொன்னது. திதியன்று பெட்டியைத் திறந்து வைக்கிறேன், உன் விளக்கும் நம் வீட்டு விளக்கும் எதிரெதிரே எரியட்டும்.

சகல நலமும் பெற்று நீடூழி வாழ்க. காதுக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே, உன் கணினியையும் மெத்தையில் வைத்து வேலை செய்யாதே. ஞாயிறு மாலை பீடத்தின் முன் அமர்ந்திருப்பேன். ஒன்று நினைவில் கொள். வச்சிரட்டுமாய்யா என்று கேட்டு, நீ சரி என்ற பிறகே அன்றி, உன் அழைப்பை நான் ஒருநாளும் வைத்தவனல்லன். அச்சொல் வராமல் திரை இருண்டால் அது பெட்டியின் சூடு. நான் இந்தப் பக்கம் பேசிக்கொண்டுதான் இருப்பேன்.

இப்படிக்கு,
நீ சரி என்னும்வரை வைக்காத உன் அப்பா,
பிச்சைமணி