அவள் சொல்ல நான் எழுதிய கதை

பிப்ரவரி 11

காலையில் குழாய் ஒழுகியது. வாஷர் மாற்றினேன். இதையெல்லாம் எழுதிவைப்பார்களா என்று தெரியவில்லை. என்னால் எழுத முடிகிறது, அதனால் எழுதுகிறேன். வாஷர். எழுத்தில் பார்க்கவே அழகாக இருக்கிறது.

எழுபது வயது வரை கைநாட்டு. மாலை வகுப்பில் சேர்ந்தபோது பட்டறை நண்பன் கேட்டான்: "பல்லே இல்லாதவனுக்கு எதுக்குப் பல்பொடி?"

என் மனைவி சிறுகதை எழுதுகிறவள். தெருவில் அவள் பெயர் கதைக்காரம்மா. என் பெயர் கதைக்காரம்மா வீட்டுக்காரர். நான் லேத்தில் இரும்பு கடைந்த காலமெல்லாம் அவள் சமையலறை மேசையில் எழுதினாள். ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. இனிமேல்தான்.

பிப்ரவரி 15

அவளுடைய கதை ஒன்றை முழுதாகப் படித்துவிட்டேன்! கடைசியில் ஒரு பெண் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அதோடு சரி. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மகளிடம் போனேன்.

"கடைசித் தாள் கிழிஞ்சிருக்கும்மா."

"அப்பா! கதையே அவ்வளவுதான்."

மகள் சிரித்த சிரிப்பில் கட்டிலில் கிடந்த என் மனைவியும் சிரித்தாள். பக்கவாதம் வந்த பிறகு இவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். உதட்டில் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

"இவ்வளவு கஷ்டப்பட்டு எழுதறவ நாவலா எழுதியிருக்கலாமே" என்றேன்.

"நாவல் கல்யாண வீடுங்க. யார் வேணா வந்து உக்காந்துக்கலாம். சிறுகதை வாசல்ல நின்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போறது."

வார்த்தைகள் குழறித்தான் வந்தன. எனக்குப் புரிந்தது.

பிப்ரவரி 18

டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். பக்கவாதம் இன்னொரு முறை வரலாம். வந்தால் பேச்சு போய்விடலாம்.

அவளிடம் மறைத்தேன். அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. "ஒரு கதை மண்டைக்குள்ள நிக்குது. பேச்சு இருக்கும்போதே முடிச்சிடணும்" என்கிறாள். வலது கை அசையாது. யாராவது எழுத வேண்டும்.

மகள் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தாள். இவள் சொல்லச் சொல்ல மழை மாதிரித் தட்டினாள். வாசித்துக் காட்டியதும் இவள் முகம் சுளித்தாள். "வேகத்துல கதை ஊதிப்போச்சு. வேண்டாம். அப்பா எழுதட்டும்."

"நானா? ஒரு வரிக்குள்ள பொழுது போயிடும்டி."

"அதான் வேணும். நீங்க ஒரு சொல்லை எழுதி முடிக்கிறதுக்குள்ள அடுத்த சொல் வேணுமா வேண்டாமான்னு எனக்குத் தெரிஞ்சிடும்."

என் மெதுவான கைக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 23

அக்கா தங்கை கதை. அம்மாவின் சாவுக்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. பல வருடம் கழித்துத் தங்கை, அக்கா வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். மணி அடிக்கக் கை வரவில்லை.

எதற்குச் சண்டை என்று கேட்டேன். "அது கதைக்கு வேண்டாம்" என்கிறாள். எனக்கு வேண்டும். யாரிடம் போய்க் கேட்பது?

பிப்ரவரி 27

தங்கை பஸ்ஸில் வந்த களைப்போடு நிற்கிறாள். பாவமாக இருந்தது. மனைவி சொல்லாத ஒரு வரியை நானே எழுதிவிட்டேன்: 'அவள் காலையிலிருந்து சாப்பிடவில்லை.'

சாயங்காலம் வாசித்துக் காட்டினேன். அந்த வரி வந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"இது யாரோடது?"

"தங்கச்சியோடது."

"உங்க பசியை என் கதைக்குள்ள விடாதீங்க. அடிங்க."

அடித்தேன். முழுதாக ஒரு வரி. எத்தனை பாடு பட்டு எழுதியது!

மார்ச் 5

அரைப் பக்கம்! கை வலிக்கிறது. நல்ல நாள்.

மார்ச் 9

தங்கை மணி அடித்துவிட்டாள். உள்ளே செருப்புச் சத்தம். அக்கா கதவைத் திறந்தாள். இருவரும் கட்டிக்கொண்டார்கள். யார் மேலே தப்பு என்று அழுதுகொண்டே பேசினார்கள். எழுதும்போது என் கண்ணும் நனைந்தது.

"முடிஞ்சுதா?" என்றேன்.

"இல்லைங்க. ஏதோ சரியில்ல. நாளைக்குச் சொல்றேன்."

மார்ச் 10

ஆஸ்பத்திரி.

மார்ச் 17

வீட்டுக்கு வந்துவிட்டோம். பேச்சு இல்லை. 'ஆ' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கண் மட்டும் பழைய கண். நான் என்னத்தை எழுத? நாளைக்குச் சொல்றேன் என்றாளே — எந்த நாளைக்கு?

அவள் கதைகளைப் போடும் பத்திரிகையின் ஆசிரியர் பார்க்க வந்தார். நல்ல மனிதர். போகும்போது வாசலில் மெல்லச் சொன்னார்: "மீதியை நீங்களே முடிச்சுக் குடுத்துடுங்க, ஐயா. கூடவே இருந்தவர் நீங்கதானே."

கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன். லேத்தில் அடுத்தவன் பாதி கடைந்த சாமானையே நான் தொடமாட்டேன். இவள் கதையையா தொடுவேன்?

மார்ச் 21

தினமும் கதையை வாசித்துக் காட்டுகிறேன். கண்ணை மூடிக் கேட்கிறாள். இன்று 'உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது' என்ற இடத்தில் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். தண்ணீர் கொடுத்தேன். வேண்டாம். வலிக்குதா? இல்லை. திரும்ப வாசித்தேன். அதே இடத்தில் அதே பிடி.

பென்சிலை அவள் இடது கையில் வைத்துத் தாளைப் பிடித்துக்கொண்டேன். செருப்புச் சத்தத்துக்குக் கீழே கோணலாக ஒரு கோடு. கதவு திறந்தது, கட்டிக்கொண்டது, அழுதது, எல்லாவற்றையும் அடித்துவிட்டாள்.

"ஏய், என்ன பண்றே? அக்கா கதவைத் திறந்தாளா இல்லையா? அதையாவது விட்டுவைடி."

பென்சிலைக் கீழே விட்டாள். அப்படியொரு நிம்மதி முகத்தில்.

எனக்கு மனசே ஆறவில்லை. அவர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று என் கையால் எழுதியிருந்தேனே. ஆனால் கோடு வரை திரும்ப வாசித்தபோது, செருப்புச் சத்தத்துக்கு அப்புறம் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. இப்போதும் அடித்துக்கொள்கிறது. திறப்பாளா?

முடித்துவிட்டாள்.

ஏப்ரல் 24

பத்திரிகை வந்தது. அச்சில் அவள் பெயர். அதன் கீழே கதை.

"நான் படிச்சுக் காட்டவாப்பா?" என்று மகள் கேட்டாள். நான் விடுவேனா? கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அதற்குள் என் மனைவி தூங்கிவிட்டாள். இப்போதெல்லாம் பகலிலும் நிறையத் தூங்குகிறாள்.

எழுப்ப மனமில்லை. கதையை மூடிவைக்கவும் மனமில்லை. வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்கு எழுத்து பிடிபடும். சத்தம் வந்துவிடுமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு முதல் வரியைப் பார்த்தேன்.

கேட்டது. வாய் மூடித்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே ஒவ்வொரு சொல்லும் கேட்டது. என் குரல் இல்லை. அவளுடையது. குழறாத, பழைய குரல்.

செருப்புச் சத்தம் வரை கேட்டேன். பிறகு தாளைத் திருப்பி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.